விறகுக்குப் பின்னால் பதினொரு பேனாக்கள்

எனக்கு ஒன்பது வயதானபோது என்னைப் புத்தூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நகரியில் எங்கள் வீட்டில் தறி இரண்டு, பிள்ளைகள் ஐந்து. படிக்க இடமில்லை என்றார் நைனா. மாமா, அம்மாவின் தம்பி. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தானே சமைப்பார், தானே துவைப்பார். பேச்சுதான் அபூர்வம். காலையில் "துன்னியா?", மாலையில் "எய்தினியா?" பல நாள் எங்கள் உரையாடல் அவ்வளவோடு முடிந்துவிடும். தெருப் பிள்ளைகள் தமிழ் கலந்த என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் நான் விளையாடப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. அன்று மாமா பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். உள்ளே பதினொரு பேனாக்கள். ராஜமுந்திரியில் கடைந்த கறுப்பு எபொனைட் பேனா ஒன்று. பாம்புச் சட்டை போல வரியோடிய பச்சைப் பேனா ஒன்று. அது பர்மாவிலிருந்து வந்தது. மற்றவையெல்லாம் திருப்பதியில் வாங்கியவை. கோவிந்தராஜர் கோயில் பக்கம் நடைபாதையில் ஒருவர், மலைக்கு வந்தவர்கள் தவறவிட்ட பேனாக்களை விரித்துவைத்து விற்பார். சிலவற்றின் மேல் முன்பின் தெரியாத யாருடைய பெயரோ பொறித்திருக்கும். மாமா அவற்றையே தேடி வாங்குவார்.

வெந்நீர்க் கிண்ணத்தில் நிப்பையும் அதன் அடியிலிருக்கும் நாக்கையும் கழற்றிப் போடுவார். தண்ணீருக்குள் நீலம் நூல் நூலாக இறங்கும். பிறகு மை கலப்போம். ராயல் புளூவில் இரண்டு சொட்டுக் கறுப்பு, சிவப்பில் ஊதா. ஃபில்லரால் சொட்டு விடுவது என் வேலை. ஒருமுறை நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம் சரியாக வந்துவிட்டது. இரண்டு பேரும் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் மத்தியானம் வரை எழுதித் தீர்த்தோம். அந்த நேரத்தில் மாமா பேசிக்கொண்டே இருப்பார். எந்த நிப்பு முரடு, எது சாய்த்துப் பிடித்தால்தான் மசியும் என்றெல்லாம். பேனா ஒரு கைக்குப் பழகியது, இன்னொரு கைக்குத் தரக்கூடாது என்பார். தலைமையாசிரியரே கேட்டபோது பென்சிலை நீட்டியவர் அவர்.

அந்த வருஷம் ஊரெல்லாம் எல்லைப் பேச்சு. எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று டீக்கடையில் இரண்டு மொழியிலும் சண்டை போட்டார்கள். மதராஸோடு சேர்க்கச் சொல்லி மனு அனுப்ப முடிவாயிற்று. கையெழுத்து வாங்கும் வேலை மாமாவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடமாலபேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். சட்டைப்பையில் பச்சைப் பேனா.

அங்கே ஒரு பெரியவர் அதை வாங்கி ஏர்பிடிப்பது போலப் பிடித்தார். "இன்னா ஐவாரே, இது எய்தவே மாட்டேங்குது" என்றார். வாத்தியாரை அங்கே ஐவார் என்பார்கள்.

"பரவால்ல, அமுக்கியே போடுங்க" என்றார் மாமா.

அமுக்கினார். நிப்பு இரண்டாகப் பிளந்தது. கையெழுத்து மட்டும் விழுந்துவிட்டது. மாமா தாளை ஊதிக் காயவைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு அடுத்த வீட்டுக்கு நடந்தார். எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா திறக்கவில்லை. மாமா விடிந்ததும் பேனாவோடு போய்விடுவார். இன்னொரு நிப்பும் போயிற்று. மூன்றாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம், நான் டப்பாவை எடுத்துப்போய்ச் சமையலறையில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பேனாக்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மாமா எல்லா இடத்திலும் தேடினார். "டப்பாவ கண்டியா பாப்பா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து தொட்டெழுதும் கட்டைப் பேனாவையும் மைப்புட்டியையும் வாங்கிக்கொண்டு போனார். வரும் வழியில் பைக்குள் புட்டி கவிழ்ந்துவிட்டது. ஒரு கிராமமே கையெழுத்துப் போட்ட தாள்கள் மையில் ஊறிப்போயின. அவற்றை முற்றத்தில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பெயரும் தேறவில்லை. மனு அனுப்புவதற்குள் அந்த ஊருக்கு மறுபடி போக அவகாசம் கிடைக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. நாளாக ஆக, திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்துச் செய்தி வந்தது. திருத்தணி மதராஸுக்கு, நாங்கள் ஆந்திராவில். மாமா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார். அந்த ஒரு கிராமத்துக் கையெழுத்து இல்லாததால்தான் இப்படி ஆகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விறகுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து அவர்முன் வைத்து ஓவென்று அழுதேன்.

"நான்தான் மாமா ஒளிச்சி வெச்சேன். என்னாலதான் நம்ம ஊரு போச்சு."

"அட பைத்தியமே. எங்கியோ மேஜ மேல கோடு போட்டாங்க. உன் டப்பா இன்னா பண்ணும்?" என்றார். கறுப்புப் பேனாவைத் திறந்து பத்திரிகையின் ஓரத்தில் என் பெயரை எழுதினார். முதல் தொடுகையிலேயே மை வழுக்கிக்கொண்டு வந்தது. பேனா கெட்டுப்போகவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அந்த ஜூனில் நைனா வந்து என்னை நகரிக்கே அழைத்துப்போய்விட்டார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, நானே பேனா சேர்க்கத் தொடங்கிய காலத்தில், மை நிரப்பிய பேனா ஒன்றை மறந்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ஒரு மாதம்தான். திரும்பி வந்து எடுத்தால் மை காய்ந்து நாக்கில் இறுகிப்போயிருந்தது. எவ்வளவு உதறியும் ஒரு கோடு விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் பேனா மூன்று மாதம் கிடந்தும் முதல் தொடுகையிலேயே எழுதியது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவர் அவர். விறகு எடுத்தவரும் அவர். டப்பாவை எப்போது கண்டாரோ, தெரியவில்லை. கேட்க அவரும் இல்லை. நான் பள்ளிக்குப் போன பிறகு எடுத்து, கழுவி, புது மை ஊற்றி, நான் வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார். நானாகக் கொண்டுவந்து தருவேன், மறுபடி சேர்ந்து மை கலக்கலாம் என்று காத்திருந்தார் போலும்.

அந்த வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.