கஸ்தூரி நிரப்பிய கட்டங்கள்

1. சீட்டுகள் தரையில் விழுந்த நாள்

கஸ்தூரி முதல் நாளே என் படச் சீட்டுகளை மேஜையிலிருந்து தள்ளிவிட்டார். இடது கையால்தான். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனைக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குக் கை காலோடு பேச்சும் போய்விடும். அறிவு போகாது, நினைவும் போகாது. பெரும்பாலும் நாம் சொல்வது புரியும். சொல்ல நினைக்கிற வார்த்தை மட்டும் வெளியே வராது. இதை நாங்கள் அஃபேசியா என்போம். நாய், பூனை, மான், மரம் என்று படம் போட்ட சீட்டுகளைக் காட்டி, பெயர் சொல்லவைத்துப் பயிற்சியைத் தொடங்குவது வழக்கம்.

கஸ்தூரி வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்தியவர். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் யார் ரசம் கேட்பார், யார் மோர் கேட்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ‘ம்’ என்ற ஒலியும் ‘இல்ல’ என்ற சொல்லும்தான். கணவர் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் அவர்தான் ஆட்டோவில் அழைத்து வருவார்.

கீழே கிடந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே ஏழுமலை சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஞாயித்துக்கிழம ஆனா பேப்பர்ல கட்டம் போடறவ இவ. இவளுக்குப் போயி நாய் பூன காட்டினா?”

“கட்டமா? ஜாதகம் பார்ப்பாங்களா?”

“அய்ய, அது இல்ல மேடம். குறுக்கெழுத்து. பேனாவுல எழுதுவா. ஒரு எழுத்து அடிச்சிருக்க மாட்டா.”

கஸ்தூரி என்னை நேராகப் பார்த்தார். “ம்” என்றார். அந்த ஒற்றை ஒலியில் இருந்த மிடுக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது. “சரி, அடுத்த தடவை அந்தப் பேப்பரையே எடுத்துட்டு வாங்க” என்றேன்.

2. மறைந்திருக்கும் உயிர்கள்

அவர்கள் கொண்டுவந்தது சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. அந்த வாரம் சிறப்புப் போட்டி. ‘மறைந்திருக்கும் உயிர்கள்’ என்று தலைப்பு. சில விடைகளில் இரண்டு மூன்று கட்டங்களுக்கு மட்டும் லேசாக மை பூசியிருந்தது. அந்தக் கட்டங்களில் விழும் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஓர் உயிரினத்தின் பெயர் வரவேண்டும். அது எந்த உயிரினம் என்பதற்குக் குறிப்பு கிடையாது. எனக்கே மலைப்பாக இருந்தது.

முதல் குறிப்பை நான் உரக்கப் படித்தேன். “சோறு ஊட்டும்போது குழந்தைக்குக் காட்டுவது. நான்கு எழுத்து.”

“நிலா!” என்றார் ஏழுமலை.

கஸ்தூரி தலையை ஆட்டினார். நான்கு விரலைக் காட்டினார்.

“அப்ப சந்திரன்.”

கஸ்தூரி விரல் விட்டு எண்ணினார். ஐந்து வந்தது. கணவரைப் பார்த்த பார்வையில் எரிச்சல் தெரிந்தது. கஸ்தூரிக்கு விடை தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. உதடு குவிந்தது, திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவருடைய இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் கட்டத்தின் மேல் வைத்தேன். “கட்டத்துக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. மொத்த வார்த்தையைப் பத்திக் கவலைப்படாதீங்க.”

தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். ஏழுமலை வாயைத் திறக்கப் போனார். நான் கை காட்டி நிறுத்தினேன். வெளியே ஓ.பி.யில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியின் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

“அ…” என்றார். தட்டினார். “ம்…” தட்டினார். “பு… லி.”

“அம்புலி!” என்று ஏழுமலை எழுந்தே நின்றுவிட்டார்.

கஸ்தூரி அவரைக் கவனிக்கவில்லை. விரல் கடைசி இரண்டு கட்டங்களுக்குத் திரும்பிப் போனது. மை பூசிய கட்டங்கள் அவை. “பு… லி” என்று மறுபடி தட்டினார். பிறகு சிரித்தார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து கஸ்தூரி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாக ஏழுமலை என்னிடம் பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் பயிற்சி அந்த ஒரே பக்கத்தில்தான் நடந்தது. வயலின் செழிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்துக்கு ‘பசுமை’ வந்தது, உள்ளே பசு இருந்தது. மழைக்கு முன் காற்றில் பறப்பதற்குப் ‘புழுதி’ வந்தது, உள்ளே புழு இருந்தது. ஒவ்வொன்றையும் கஸ்தூரி இடது கையால் கோணல் மாணலாக எழுதினார். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைகூட வராத நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் நேரம் முடிந்து நான் பேப்பரை மடித்தால் அவர் விரித்து வைப்பார்.

3. மல்லிகைத் தகராறு

‘மாலையில் கோக்கும் பூ. நான்கு எழுத்து’ என்று ஒரு குறிப்பு. கஸ்தூரி விரலை எடுத்துத் தட்டத் தொடங்கும் முன்பே ஏழுமலை “மல்லிகை” என்று சொல்லி, பேனாவைப் பிடுங்கி எழுதியும் விட்டார். எண்ணிப் பார்த்தால் நான்கு எழுத்து சரியாக இருந்தது. எனக்கும் சரி என்றுதான் பட்டது.

“இல்ல” என்றார் கஸ்தூரி.

“இன்னா இல்ல? நாலு எழுத்து வருதே.”

“இல்ல. இல்ல.” மை பூசிய கடைசி மூன்று கட்டங்களை நகத்தால் சுரண்டினார். அங்கே ‘ல்லிகை’ என்று இருந்தது. அப்படி ஓர் உயிர் உலகத்தில் கிடையாது. அதோடு, மேலிருந்து கீழாக வங்கக் கடலில் உள்ள தீவுக் கூட்டத்தைக் கேட்டிருந்தார்கள். ‘அந்தமான்’ என்பது குழந்தைக்கும் தெரியும், உள்ளே மானும் இருக்கிறது. ஆனால் அதன் ‘ந்’ விழ வேண்டிய கட்டத்தில் ஏழுமலை எழுதிய ‘லி’ உட்கார்ந்திருந்தது.

மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது. பூவும் தீவும் மட்டும் பாக்கி. அதற்குள் சில ஞாயிறுகள் போய், போட்டியின் விடைகளும் வெளியாகிவிட்டன. ஏழுமலை அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தார்.

“போதும் மேடம், அவ படற கஷ்டம். இதைப் பார்த்து எழுதிட்டு வேற கட்டத்துக்குப் போயிடலாம்.”

கஸ்தூரி பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கினார். நான்காக மடித்தார். நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அன்றைய பயிற்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று போகும்போது ஏழுமலை வராந்தாவில் என்னிடம் தனியாகப் பேசினார். மெஸ் பூட்டிக் கிடக்கிறது. கட்டட உரிமையாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார், நடத்துகிறீர்களா, வேறு ஆளுக்கு விடட்டுமா என்று. “சாவிய குடுத்துடலாம்னு இருக்கேன். பேச்சு இல்லாம எப்படி மேடம் கடை நடத்தறது? நாலு பேரு கிண்டல் பண்ணா தாங்குவாளா?”

“அவங்க கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா பதில் சொல்ல எவ்ளோ நேரம் ஆவுது. நானே சொல்லிடறது.”

கஸ்தூரிக்குக் காது நன்றாகவே கேட்கும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

4. தேரடித் தெருவில்

அடுத்த பயிற்சி நாளில் என் வேலை முடியும் நேரமும் அவர்கள் கிளம்பும் நேரமும் ஒன்றாக அமைந்தது. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏழுமலை என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். தேரடித் தெருவில் பிரதோஷக் கூட்டம். ஆட்டோ நகராமல் நின்றது. ஓரத்தில் பூக்கடைகள்.

திடீரென்று கஸ்தூரி கணவரின் தோளில் படபடவென்று அடித்தார்.

“இன்னா? இன்னா ஆச்சு?”

கஸ்தூரி அதற்குள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நான் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினேன். நேராக ஒரு பூக்காரப் பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

“எது வேணும்க்கா? மல்லியா? எத்தினி முழம்?”

கஸ்தூரி தலையை ஆட்டினார். கூடையைக் காட்டினார். பூக்காரப் பெண்ணுக்கு அவசரம். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். “சீக்கிரம் சொல்லுங்கக்கா” என்றாள்.

ஏழுமலை ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார். வாயைத் திறந்தார். கஸ்தூரி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஏழுமலை வாயை மூடிக்கொண்டு தோள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

கஸ்தூரியின் விரல் தன் தொடையில் தட்டியது. “சா…” இன்னொரு தட்டு. “சா… ம…” பின்னால் நின்ற ஒருவர் “இன்னாம்மா, வாங்கறியா இல்லியா?” என்றார். கஸ்தூரி அவருக்காக அவசரப்படவில்லை. நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“சா… ம… ந்… தி. சாமந்தி.”

“இதுக்கா இவ்ளோ நேரம்? எவ்ளோ போடட்டும்?” என்றாள் பூக்காரப் பெண். அவளுக்கு அது ஒரு வியாபாரம், அவ்வளவே.

கஸ்தூரி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “மந்தி” என்றார். தட்டாமல், ஒரே மூச்சில். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. மை பூசிய மூன்று கட்டங்கள். பெண்குரங்கு!

ஆட்டோவிலேயே பேப்பரை எடுத்தார். கணவர் எழுதிய மல்லிகையை அடித்தார். அதன் மேல் சாமந்தி. பிறகு அந்தமான். ஏழுமலை முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டியைக் கிளப்பாமல்.

5. போன்

கட்டட உரிமையாளரின் அழைப்பு அவர்கள் என் அறையில் இருக்கும்போதே வந்தது. அஃபேசியா உள்ளவர்களுக்குப் போன்தான் மிகவும் கடினம். எதிராளியின் முகம் தெரியாது, நம் கையும் அவருக்குத் தெரியாது. குரலை மட்டும் நம்ப வேண்டும்.

ஏழுமலை திரையைப் பார்த்தார். எடுத்து, “ஒரு நிமிஷம் சார், அவங்களே பேசுவாங்க” என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். அங்கே இருந்தால் வாய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும்போல, எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

“சொல்லுங்கம்மா. காலி பண்றீங்கதான? சாவிய எப்ப தர்றீங்க?”

“இல்ல.”

“இல்லைன்னா? கேக்கலயே. ஹலோ?”

கஸ்தூரியின் விரல் மேஜையில் தட்டியது. நான் மேஜைக்கு அடியில் என் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்தை எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை.

“கடை… நா…ன்… நடத்துவேன். சாவி… தர… மாட்டேன்.”

“சரிம்மா. உடம்ப பார்த்துக்குங்க” என்று குரல் வந்தது. அழைப்பு முடிந்தது.

வராந்தாவில் ஏழுமலை சுவரைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெஸ் இப்போது திறந்திருக்கிறது. சமைக்க ஒரு பெண் உதவிக்கு இருக்கிறார். கஸ்தூரிக்கு இன்றும் நீளமான வாக்கியம் வராது, வலது கை முழுசாகத் திரும்பவில்லை. புதிதாகச் சாப்பிட வருகிறவர் யாராவது அவர் பேசும்போது இடையில் வார்த்தையை எடுத்துக்கொடுத்தால், பக்கத்து இலைக்காரரே “இருப்பா, அவங்க சொல்லுவாங்க” என்கிறார்.

என்னிடம் இந்தத் தொழிலைக் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளிக்குப் பேச்சு வரவைப்பதற்கு முன்னால் கூட வந்தவரைப் பேசாமல் இருக்கவைக்க வேண்டும். அதற்கும் முன்னால் நாம் பேசாமல் இருக்கக் கற்க வேண்டும். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும். எதிரில் இருப்பவர் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்.