எங்கள் வீட்டில் போட்ட வீட்டோ

அமெரிக்காவில் யாருக்கு என்ன அதிகாரம் என்று போன கிழமை நீங்கள் பாடசாலைச் சோதனைக்கு மீட்டிக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைப் பார்க்காமலே நான் பதில் சொன்னேன். அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் இந்தப் பாடத்தை ஒன்பது வயதில், சுவிஸில், ஊஸ்டரில் இருந்த எங்கள் வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் படித்திருக்கிறேன். படித்தது எனக்காக அல்ல, சித்தியின் கல்யாணத்துக்காக.

சித்தி என் அம்மாவின் தங்கை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டு எங்களோடுதான் இருந்தார். அவருக்கு அமெரிக்காவில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அம்மாவுக்குப் பிடித்தது, சித்திக்கும் பிடித்தது. என் அப்பாவுக்குத்தான் மனமில்லை.

"பாடனில, சோலோதுர்னில மாப்பிள்ளை இல்லையோ? கடல் கடந்து அனுப்பிப்போட்டு, ஒரு காய்ச்சல் தலையிடி எண்டா ஆர் போய்ப் பாக்கிறது?" என்பார்.

வேண்டாம் என்று முற்றாகச் சொல்லவும் இல்லை. "பொறுங்கோ, பாப்பம்" என்று மாதக்கணக்கில் இழுத்தார். அதுவரைக்கும் சித்தியும் மாப்பிள்ளையும் தொலைபேசியில் கதைக்கலாம். ஆனால் ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படிதான் கதைக்க வேண்டும். அது அப்பாவின் சட்டம்.

வீட்டார் எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருக்க இரண்டு பேர் எதைத்தான் கதைப்பது? முதல் இரண்டு ஞாயிறும் அங்கே குளிரோ, இங்கே மழையோ என்பதோடு முடிந்துபோயின. மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளை, தனக்குக் குடியுரிமைச் சோதனை வருகிறது, சித்தி கேள்வி கேட்டால் மீட்டிப் பார்க்கலாம் என்றார். படிப்பு விஷயம் என்றதும் அப்பா தலையாட்டிவிட்டார். கேள்விகள் தபாலில் வந்தன. அச்சடித்த ஆங்கிலத்துக்குக் கீழே, சித்திக்கு விளங்கட்டும் என்று, தன் கையாலேயே தமிழில் எழுதியிருந்தார். சித்தி கேட்பார், அவர் பதில் சொல்வார், நான் விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்துவேன். பிழைத்த கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும் என்பது அவரே வைத்த விதி.

"சட்டம் செய்யிறது ஆர்?"

"காங்கிரஸ். அதில ரெண்டு சபை. ஒண்டு செனற், மற்றது பிரதிநிதிகள் சபை."

"செனற்றில எத்தனை பேர்?"

"ம்… எண்பதோ?"

"பிழை! நூறு!" என்று நான் கத்துவேன்.

"ஐயோ, உம்மட வாத்தியார் பொல்லாதவர். திருப்பிக் கேளும்."

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிக் கேட்பார். எங்கள் பாடசாலையில் ஆறுதான் அதிகூடிய புள்ளி. நான் அவருக்கு மூன்றரைக்கு மேல் போட்டதே இல்லை. அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்து, "இஞ்ச ஏழு பேர் சேர்ந்து நாட்டை ஆளினம், ஒரு சத்தமில்லை. அங்க ஒருத்தருக்கு எவ்வளவு சத்தம்!" என்பார்.

அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த சொல் வீட்டோ. இரண்டு சபையும் ஒத்துக்கொண்ட சட்டத்தையும் ஜனாதிபதி தடுக்கலாம், அதற்கு அந்தப் பெயர். நான் அதைத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் ஒருவர் "வேண்டாம்" என்றால் அது வீட்டோ. எங்கள் வீட்டு நடப்புக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிறு, சித்தி தாளைப் பார்க்காமல் அப்பாவின் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஜனாதிபதி வீட்டோ போட்டால், அதோட எல்லாம் முடிஞ்சுதோ?"

வழக்கமாகத் தடுமாறுகிறவர் அன்று தடுமாறவில்லை. "இல்லை. மூண்டில ரெண்டு பங்கு ஆக்கள் ஓம் எண்டால், அவர் தடுத்தாலும் அது சட்டம்தான்."

பத்திரிகை அசையவில்லை. அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"இஞ்சருங்கோ, எங்கட வீட்டில எத்தனை பேர்?"

"நாலு பேர். ஏன்?" என்றார் அப்பா.

"நான் ஓம். இவளும் ஓம்." அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய், மகன்?"

நான் விடைத்தாளைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு என்றுதான் போட்டிருந்தது.

"ஓம், சரி," என்றேன்.

அப்பா பத்திரிகையை மடித்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்து, "தம்பி, வீட்டில சொல்லி நாள் பாக்கச் சொல்லும்," என்றார். சித்தியிடம், "ஸ்பீக்கரை நிப்பாட்டு, பிள்ளை. உள்ள கொண்டுபோய்க் கதை," என்றார்.

சித்தி என் உச்சியில் கொஞ்சிவிட்டு, போனோடு அறைக்குள் ஓடினார்.

"இன்னும் பன்னிரண்டு கேள்வி கிடக்கு!" என்று நான் பின்னால் கத்தினேன். யாரும் கேட்கவில்லை.

சாப்பிடும்போதுதான் அம்மா மெதுவாகச் சொன்னார், மாப்பிள்ளை அந்தச் சோதனையில் பாஸ் பண்ணி ஒன்றரை மாதமாகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாஸ் பண்ணியவர் போன கிழமையும் செனற்றில் எண்பது பேர் என்றாரே! படித்தது ஒரு மாதம்கூட மண்டையில் நிற்காத ஒருவரோடு சித்தி எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறார்? அதை அப்பாவிடமே கேட்டேன்.

"ஓமடா, யோசிக்க வேண்டிய விசயம்தான்," என்று சொல்லிவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

பெரியவர்கள் ஏன் இப்படி விளையாட்டாக முடிவெடுக்கிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.