செருப்புப் போட்டுத் தொடும் வீடு

அண்ணா கனடாவில் இருந்துகொண்டு வெள்ளவத்தையில் அம்மாவுக்கு ஒரு ஃபிளாட் வாங்கிக் கொடுத்தார். அங்கே ஃபிரிட்ஜைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். "சின்னதாத்தான், எறும்பு கடிச்ச மாதிரி" என்பார் அம்மா. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மின்பொறியியலாளர், வயர்களைச் சோதிப்பதுதான் என் வேலை.

பிளக் பொயின்டைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு நிறத்தில் பளபளத்த வயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. மேலே செம்புப் பூச்சு, உள்ளே மலிவு அலுமினியம். பூட்டிய இடத்தில் நாளடைவில் தளர்ந்து சூடேறும். பச்சை ஏர்த் வயரோ எதிலும் கொழுவப்படாமல் சுவருக்குள் தொங்கியது. கட்டடம் முழுவதற்கும் நிலத்தில் ஏர்த் கம்பியே இறக்கவில்லை. கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாவிட்டால், தொடுகிற ஆளுக்குள்ளால்தான் போகும். வாசலில் விரலடையாளப் பூட்டு, கூரையில் சோலார், அடியில் இந்தக் கேடு!

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "ஓம் தங்கச்சி, எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தொடுங்கோ, ஒண்டும் செய்யாது" என்றார். உண்மையாகவே, அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கிற குசினி வாசலில் ஒரு சோடிச் செருப்பு. வீட்டுக்காரர்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும். ஆரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "சுவரை உடைச்சு வயர் மாத்தோணும்."

"விசரே உனக்கு? இத்தாலி டைல்ஸ் அது. ஆவணியில நான் வந்து பாக்கிறன். நீ எதிலயும் பிழை பிடிக்கிற ஆள்."

படித்தது நான், தீர்மானிக்கிறது அவர்! கிருலப்பனையில் என் வீட்டில் வந்து இருக்கும்படி அம்மாவிடம் சொன்னேன்; மகன் வாங்கின வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டாராம். மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றையாவது பூட்டிவிட்டு வந்தேன். அது தன் வேலையைச் செய்து அடிக்கடி விழுந்து கரண்டை வெட்டியது. ஃபிரிட்ஜ் நின்று மீன் பழுதாகிறது என்று, கட்டடம் பார்க்கிறவரைக் கூப்பிட்டு அம்மாவே அதைக் கழற்றுவித்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாமிப் படம் குசினி மூலையில். அம்மா அங்கே செருப்போடு நிற்பாரா? செத்தாலும் மாட்டார். வெள்ளிக்கிழமை காலை தலை முழுகி, ஈரக் காலோடு, சாமிக்கு வைக்கிற பூவை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். தூக்கி எறிந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்தார். இடுப்பெலும்பு முறிவு. எறிந்தது நல்லகாலம். கை பிடியிலேயே ஒட்டியிருந்தால் நான் பிரேதத்தைத்தான் பார்த்திருப்பேன்.

ஆசுபத்திரியில் என்னைக் கண்டதும் அம்மா முதலில் சொன்னது, "அண்ணாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. ஆசையா வாங்கித் தந்தவன், மனம் உடைஞ்சு போவான்."

"உடையட்டும்!" என்று கட்டிலடியிலேயே வீடியோ கோல் எடுத்தேன். அம்மாவின் கறுத்த விரல்களைக் காட்டினேன். அண்ணா கேட்டது:

"செருப்புப் போடேல்லையோ?"

"வாயை மூடுங்கோ அண்ணா!" வார்டே திரும்பிப் பார்த்தது. என் பிறப்பில் அவரை அப்படிப் பேசியதில்லை. அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

அம்மா ஆசுபத்திரியில் இருக்கும்போதே டைல்ஸை உடைத்தேன். நல்ல செம்பு வயர் இழுத்தேன். கீழே முற்றத்தைத் தோண்டி ஏர்த் கம்பி இறக்குவித்தேன். ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பெட்டி போட்டுப் பூட்டி, திறப்பை என்னோடு கொண்டுவந்துவிட்டேன்.

வீடு திரும்பிய அம்மா உடைந்த சுவரைப் பார்த்தார். மகனை அவமானப்படுத்திய என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும். கோபிக்க ஆள் உயிரோடு இருக்கிறார்.