மாடியறையில் மூச்சுச் சத்தம்

கதையில் வரும் மனிதர்களின் மனநோயைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவது என் பிழைப்பு. கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்களில் யாராவது கரும்பலகை முன் நின்றிருந்தால், இந்த அலுப்பு தெரிந்திருக்கும்.

பாடத்தில் ஒரு பழைய பேய்க்கதை. பாழடைந்த மாளிகையில் தனியாக வாழும் ஒருவன், பூட்டிய மாடியறையில் யாரோ மூச்சுவிடுவதாக நம்மிடம் சொல்லிக்கொண்டே போகிறான். பேய் மாடியில் இல்லை, அவன் அடிமனதில் இருக்கிறது என்று நாம் நிறுவ வேண்டும்.

பூட்டு

அந்த அறையை அவன் ஏன் திறப்பதே இல்லை என்று கேட்டேன். தன் மனதுக்குள் பார்க்க அவனுக்கு அச்சம் என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: "சொத்து இன்னும் பாகம் பிரிச்சிருக்க மாட்டாங்க மிஸ். பிரான்ஸ்ல இருக்கிற பெரியப்பா பூட்டிட்டுப் போயிருப்பாரு."

வாக்குமூலம்

பணியிலிருந்து நேராக வரும் காவலர் ஒருவரும் என் மாணவர். குற்றவுணர்ச்சி தாங்காமல்தான் கதைசொல்லி யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டுகிறான் என்று விளக்கினேன். அவர் பேனாவை மூடினார். "கேக்காம எவனும் சொல்ல மாட்டான் மேடம். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதாம விட்டுட்டாங்க."

அறிகுறிகள்

கதைசொல்லிக்குத் தூக்கமில்லை, சுவரில் காது வைத்துக் கேட்கிறான், சோற்றை முகர்ந்து பார்த்துத் தள்ளுகிறான் என்று ஒருநாள் அறிகுறிகளை அடுக்கினேன். எல்லோரும் எழுதினார்கள். முத்தியால்பேட்டைக் கலைவாணி மட்டும் எழுதவில்லை.

மற்றவர்கள் போன பிறகு பக்கத்தில் வந்தாள். "எங்க அண்ணனும் இப்படித்தான் மிஸ். பொங்கலுக்கு அப்புறம் வேலைக்கே போகல. அம்மா தாயத்து கட்டிவிட்டிருக்காங்க."

"இது பாடம் இல்லம்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மருந்து இருக்கு. நானும் வரேன்" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் தெளிந்து மறுபடியும் மங்கியது. "ஆனா, எனக்கு ஒண்ணுமில்லன்னு அவனே சொல்றானே மிஸ்?"

காபி

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நல்ல முகம், சவரம் செய்து நாளான முகம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உதட்டில் விரலை வைத்து என்னை அமைதியாக இருக்கச் சொன்னான். அவன் கேட்டுக்கொண்டிருந்ததை நானும் கேட்டுவிட மாட்டேனா என்று இருந்தது.

கலைவாணிக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றதும் அவள் அம்மா என் கையில் காபியைத் திணித்து, குரலைத் தாழ்த்தினார். "கூட்டிட்டுப் போகாம இருப்போமா டீச்சரம்மா? அங்க யாராச்சும் பாத்துட்டா இவளைக் கட்டுவாங்களா? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அவன் கத்தாம இருந்தா போதும்."

அழைப்பு

தேர்வு முடிவு வந்தபின் கலைவாணி இனிப்போடு பத்திரிகை வைக்க வந்தாள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்றேன். தட்டில் வெற்றிலையை நேராக்கினாள், மறுபடியும் நேராக்கினாள்.

"சொல்லாம கொள்ளாம எங்கயோ போயிட்டான் மிஸ். கடற்கரை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடிப் பாத்துட்டோம். மாப்பிள்ளை வீட்டுல பெங்களூர்ல வேலைன்னு சொல்லியிருக்கோம். மண்டபத்துல யாராச்சும் கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

நான் நடத்திய பாடம் யாருக்காவது உதவியதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பேய்க்கதை வந்த தேர்வுத் தாளில் என் மாணவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.