பாப்பா நடந்த படம்

சித்திக்குக் கேமரா தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று எங்கள் வீட்டில் ரொம்ப காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் தேர்வில் நான் செய்த காரியத்தை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

தாயில்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் ஒரே சுவர்தான். சித்தப்பா துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனபோது சித்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. பாப்பா பிறந்து பத்து மாதம் ஆகியும் அவர் அவளைப் பார்த்ததில்லை. ஊருக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. மூன்றாம் மாதத்தில் சாத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து அனுப்பினார்கள். பின்னால் அருவி விழுகிற திரை, தலையில் யாருடையதோ கம்பளித் தொப்பி, மடியில் பிளாஸ்டிக் டெலிபோன். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்ட சித்தப்பா, “இது யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்டார். சித்தி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது வேறு. பாப்பா எப்படி அழுகிறாள், சோற்றை எப்படி வீசி எறிகிறாள், தூங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்கிறாள், இதெல்லாம் வேண்டும். முக்கியமாக, அவள் முதன்முதலில் எழுந்து நடப்பதைப் பார்க்க வேண்டும். பிறந்ததைத்தான் பார்க்கவில்லை, நடப்பதையாவது பார்க்கிறேன் என்றார். அதற்காகவே பணம் அனுப்பினார். அங்கே அவரோடு வேலை பார்த்த விருதுநகர்க்காரரின் அண்ணன் விருதுநகர் பஜாரில் கடை வைத்திருந்தார். அங்கே போய் லேசாக எடுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். சித்தி மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சிவகாசியில் இங்கிலீஷ் மீடியம். அதனால் துணைக்கு நான் போனேன்.

சித்தி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே வெடிமருந்து புழங்குகிற அறைகளின் வாசலில் செப்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் உள்ள மின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பாப்பா பிறந்த பிறகு சித்தி கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் கைக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. விருதுநகர்க் கடையிலும் செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு, இரும்பு ஷட்டரில் கையை வைத்து எடுத்த பிறகுதான் படியேறினாள்.

“செருப்போடயே வாங்கம்மா. அங்கன விட்டா, அதையும் யாராச்சும் நல்லதாப் பாத்து எடுத்துட்டுப் போயிருவாக” என்றார் கடைக்காரர். அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டியின் மேல் பாய் முதலில் வைத்தது வெள்ளி நிறத்தில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமரா. மூடியைத் தள்ளினால் கண் விழித்துக்கொள்ளும். மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் படம். “இதுல படிக்கதுக்கு ஒண்ணுமில்ல. எங்க உம்மாவே எடுக்காக” என்று சொல்லிக்கொண்டே சித்தி இடுப்பில் இருந்த பாப்பாவைப் படம் பிடித்து, கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

பாப்பா அதற்குள் இருந்தாள். படத்தைக் கழுவக்கூட இல்லை, உலர்த்தக்கூட இல்லை, மூச்சு விடுகிற நேரத்துக்குள் அங்கே போய் இருந்தாள். வாயோரம் வழிந்த எச்சில்கூட அப்படியே மினுங்கியது. சித்தி இடுப்பில் இருந்தவளையும் உள்ளே இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பாப்பா தன் முகத்தைத் தானே பிடிக்கக் கை நீட்டினாள்.

பிறகு பாய் கேமராவைச் சித்தி கையில் கொடுத்து என்னை எடுக்கச் சொன்னார். அமுக்கினாள். கடைக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் பளீரென்று ஒரு வெட்டு வெட்டியது. சித்தி பாப்பாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓரெட்டுப் பின்வாங்கினாள். பாப்பா வீறிட்டாள். ஆனால் படத்தில் என் முகம் நட்டநடுவில் தெளிவாக இருந்தது. சித்தி எடுத்த முதல் படம் அது. அழுத பிள்ளையைத் தட்டிக்கொண்டே, “எனக்கு இது போதும்லே” என்று சொல்லிவிட்டுக் காற்றாட வாசலுக்குப் போனாள்.

காரியம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பாய் சும்மா இருக்காமல், “தம்பி, இதப் பாரு. இது வெவரம் தெரிஞ்சவங்களுக்கு” என்று கறுப்பாக இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

கனமாக இருந்தது. ஒரு விசையைத் தள்ளினால் அதன் மூக்கு நீண்டது. தெருக்கோடியில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை என் கைக்கு வந்தது. அதன் அலகில் ஒரு குச்சி இருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் காக்கையே ஒரு புள்ளிதான். மேலே ஒரு திருகு வட்டம். அதில் ஊசிமுனையால் வரைந்ததுபோல் மலை, பூ, ஓடுகிற ஆள், நிலா. கடைசியாக ஒரு வாணவேடிக்கை. எங்கள் ஊர்த் தொழிலை எந்த நாட்டிலோ யாரோ கடுகளவு படமாக வரைந்து வைத்திருந்தார்கள். அந்தக் கேமரா இல்லாமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்று ஆகிவிட்டது.

வெள்ளிக் கேமராவின் வெட்டு வெளிச்சம் வேண்டாமென்றால் பின்னால் உள்ள மின்னல் குறியை ஒரு தடவை அமுக்கினால் நின்றுவிடும் என்று பாய் எனக்குக் காட்டியிருந்தார். சித்தி அப்போது வாசலில் இருந்தாள்.

உள்ளே வந்தவள் என்னிடம், “அந்த வெட்டு எப்பவும் வருமாலே? வீடு பூரா பேப்பரு, குழாயி” என்று கேட்டாள். பாயிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். கம்பெனியில் ஒரே ஒரு பொறியில் ஒரு ஷெட் இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

“இதுல தானா வெட்டும் சித்தி. கறுப்புல நாம சொன்னாத்தான் வெட்டும்” என்றேன்.

இதில் பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. அதை வைத்தே பல வருடம் என்னை நான் மன்னித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வெள்ளிக் கேமராவைக் கண்ணாடியின் மேல் மெல்ல வைத்தாள். பாய் என்னைப் பார்த்தார். “நீ கூட இருந்து எடுத்துக் குடுப்பியா?” என்று மட்டும் கேட்டார். எடுப்பேன் என்றேன்.

எடுத்தேன். அது சித்தியின் கேமரா என்பதே எனக்கு மறந்துவிட்டது. சொல்லிக்கொடு என்று அவள் கேட்டபோது, திருகு வட்டத்தில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் இங்கிலீஷில் ஒப்பித்தேன். அவள் தலையாட்டிவிட்டு, “நீயே எடுய்யா” என்றாள். அதற்காகத்தான் அப்படி ஒப்பித்தேன். இருந்தாலும் திறக்கிற பொத்தானையும் எடுக்கிற பொத்தானையும், கை ஆடாமல் எதன் மேலாவது வைத்து எடுக்க வேண்டும் என்பதையும் அவள் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். நான் பாப்பாவுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, சுவரோரம் உட்காரவைத்து எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் சிவகாசியில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சித்தப்பாவுக்கு அனுப்புவேன். அனுப்பிய படங்களைக் கார்டிலிருந்து அழித்துவிடுவேன், புதிய படங்களுக்கு இடம் வேண்டுமே.

ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம், ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் சீசனுக்கான புதுச்சரக்கை வெடித்துப் பார்த்தார்கள். நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். வட்டத்தை வாணவேடிக்கைக்குத் திருப்பி, கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து அமுக்கினேன். இந்த முறையில் அது உடனே கண்ணை மூடுவதில்லை. நாலைந்து நொடி திறந்தபடி இருந்து, அதற்குள் நடப்பதையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்துக்கொள்கிறது. எரிந்துகொண்டே போகும் ஒரு புள்ளியைத்தான் என் கண் பார்த்தது. படத்திலோ அது கிளம்பிய இடத்திலிருந்து விழுந்த இடம் வரை பொன்கம்பியாக வளைந்து நின்றது. நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வெளிச்சம் அது. அதன் முழு உருவத்தை அன்றுதான் பார்த்தேன். இருட்டிய பிறகும் அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கேமராவைச் சித்தி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வட்டத்தைத் திருப்பி வைக்கவில்லை.

அன்றைக்குத்தான் பாப்பா நடந்தாள்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தெரு முனையிலேயே சித்தி நின்றிருந்தாள். கையில் பசை காய்ந்து தோல்போல உரிந்துகொண்டிருந்தது. “ஏலே, நடந்துட்டா. எடுத்துட்டேன்லே” என்றாள்.

குழாய்த் தட்டைப் பிடித்து நின்ற பாப்பா கையை விட்டிருக்கிறாள். சித்தி எட்டிக் கேமராவை எடுத்து, ஸ்டூல் மேல் வைத்து, அமுக்கிவிட்டாள். பாப்பா நாலு எட்டு வைத்து வாசற்படியில் போய் உட்கார்ந்தாளாம்.

படத்தைப் பார்த்தேன். தட்டு இருந்தது, சுவர் இருந்தது, வாசற்படி இருந்தது. பாப்பா இல்லை. தட்டிலிருந்து வாசற்படி வரைக்கும், ஒரு குழந்தையின் உயரத்தில், வெண்புகைபோல ஒரு பட்டை மட்டும் ஓடியது. நான் சிரித்துவிட்டேன்.

“என்ன சித்தி, பேய் மாதிரி இருக்கு.”

“பேயும் இல்ல பிசாசும் இல்ல. இங்கன கைய விட்டா. இங்கன ஒரு எட்டு. இங்கன கொஞ்சம் ஆடுனா பாரு, அங்கன தடிச்சுருக்கு. இங்கன ஒக்காந்துட்டா.” அந்தப் பட்டையின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். “இத அப்படியே அனுப்புய்யா. அவுகளுக்குத் தெரியும்.”

பாப்பாவை மறுபடி நடக்கவைக்க அன்று மாலை முழுவதும் முயன்றேன். அவள் தவழ்ந்தாள். சுவரைப் பிடித்து நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழன். வெள்ளிக்கிழமை போன் வருவதற்குள் அவர் பார்த்துவிட வேண்டும் என்று சித்தி காலையில் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். பிரவுசிங் சென்டரின் பெரிய திரையில் அந்தப் பட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த யாரோ ஒரு அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னப்பா, படம் கெட்டுப்போச்சா?” என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. இதைப் பார்த்தால் சித்தப்பா என்ன கேட்பார்? லேசான கேமராதானே வாங்கச் சொன்னேன், இந்தக் கேமராவை யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்பார். பாயின் தம்பி துபாயில் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். பேச்சு சுற்றிச் சுற்றி மின்னல் குறியில் வந்து நிற்கும்.

அழிக்கிற பொத்தானை அமுக்கினேன். நிச்சயம்தானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். சுவரைப் பிடித்து நிற்கிற படத்தை அனுப்பிவிட்டு ஊருக்கு வந்தேன்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

வெள்ளிக்கிழமை சித்தி தலைகுளித்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். போன் வந்தது. “படம் வந்துச்சா? பாத்தீகளா?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சித்தப்பாவின் குரல் வாசற்படியில் நின்ற எனக்கும் கேட்டது. “வந்துச்சு. நல்லா சுவத்தப் புடிச்சு நிக்கா. எப்ப நடப்பா?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். பாப்பா போன் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் கையிலிருந்து விடுவித்துவிட்டுச் சித்தி பேசினாள்.

“இன்னும் நடக்கல. இப்பத்தான் புடிச்சு நிக்கா. நடந்த ஒடனே மொதல்ல ஒங்களுக்குத்தான்.”

திரும்பி வரும்போது திட்டுவாள், அம்மாவிடம் சொல்லிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை என் கையில் கொடுத்து, “கொஞ்சம் நல்லா எடுய்யா” என்றாள். பாப்பா தட்டிலிருந்து வாசற்படி வரை நடந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். துல்லியமான படம். அதுதான் முதல் நடை என்று சித்தப்பா தன்னோடு தங்கியிருந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினாராம். அடுத்த வெள்ளிக்கிழமை போனில் அழுதார். சித்தி, “ஆமா, இப்பத்தான், ஞாயித்துக்கெளம” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நடந்த விஷயம் அவளுக்கு எப்படி அதற்குள் மறந்துபோனது என்று அந்த வயதில் எனக்கு ஒரே ஆச்சரியம். பாவம், நாளெல்லாம் குழாய் சுருட்டுகிறவளுக்குக் கிழமை எங்கே ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.