ஸ்டாப் என்றால் கை கீழே

சேலம் லாரி ஸ்டாண்டில் மூன்று பேர் சேர்ந்து என்னை அடித்ததில் விலா எலும்பு கீறல் விட்டது. மிளகு மூட்டை இறக்குகிற இடத்தில் யார் வண்டி முன்னால் நிற்பது என்று வந்த தகராறு. எண்பதுகளின் நடுவில் அது. நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன், கல்யாணமாகவில்லை. மூச்சு இழுத்தாலே வலித்த அந்த நாட்களில் எனக்கு ஒரே நினைப்புதான் இருந்தது: அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் தங்கையை, அதாவது சின்னம்மா மகளைக் கட்டியவர் பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர். முழங்கால் கெட்டுப்போய் ஊருக்குத் திரும்பியிருந்தார். வாழவந்தி போகிற ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியின் குடோனை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேட்டு வாங்கி, எங்களில் ஏழெட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுத்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எனக்கு மச்சான் முறை.

முதல் மாதம் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறுத்துவதை. "ஸ்டாப்புன்னு நாஞ் சொன்னா கை தொடைக்கு வந்திடோணும் மாப்ள. குத்து பாதி வழியில இருந்தாலும் செரி." நான் சலித்துக்கொண்டேன். "எதிராளி கையை இறக்கலீன்னா என்னங்க மச்சான் பண்றது?" என்று கேட்டேன். "அதைப் பாக்கத்தான் நான் நிக்கறேன்" என்றார்.

சண்டைப் பயிற்சிக்கு முன்னால் நாங்கள் மாட்டிக்கொண்ட ஒவ்வொரு கிளவுஸையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். உள்ளே பஞ்சு ஒதுங்கி எலும்பு தட்டுப்பட்டால் அந்த ஜோடியை மூலையில் போட்டுவிடுவார். பல்லுக்கு வைக்கிற ரப்பர் இல்லாமல் யாரையும் சண்டைக்குக் கட்டிய கயிற்றுக்குள் விடமாட்டார். முந்தின வாரம் தலையில் பலமாக வாங்கியவன் அடுத்த வாரம் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நாங்கள் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

குடோன்காரரின் மகனும் எங்களோடு வந்துகொண்டிருந்தான். என் வயதுதான், என்னைவிட ஒன்றரை மடங்கு கனம். ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் மச்சான் இறக்கிவிட்டார். கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து தரையெல்லாம் ஈரம். அவன் நெஞ்சைக் குறிவைத்து முட்டி முட்டி வந்தான். நான் ஒதுங்கி, அவன் மூக்கில் இடது கையால் ஒன்று வைத்தேன். ரத்தம் உதட்டுக்கு வழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் குத்தினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"ஸ்டாப்."

என் கை தொடைக்கு வந்துவிட்டது.

அவன் கை வரவில்லை. இடது காதுக்குக் கீழே விழுந்த குத்தில் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் அறுந்து போனது. நான் சாய்கிறபோதே தாடையில் இன்னொன்று விழுந்தது. கன்னம் ஈரத்தரையில் கிடக்க, கால்களை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அவன் கால் என்னை நோக்கி வந்தது. நடுவில் மச்சானின் வெறுங்கால்கள் வந்து நின்றன. அவரையும் அவன் அடித்தான். வாயில், கண்ணில், கழுத்தில். அவர் கையில் கிளவுஸ் இல்லை, திருப்பியும் அடிக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, மிளகு மூட்டைகளின் மேல் சாய்த்து, மூச்சு அடங்கும்வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தார். எழுந்தபோது முன்பல் இரண்டைக் கையில் துப்பினார்.

எஸ்டேட் ஜீப்பில் என்னை ஏற்றி, அவரே ஓட்டிக்கொண்டு மலை இறங்கினார். வாயில் துண்டைக் கடித்தபடி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் துண்டை எடுத்துவிட்டு, "இது எத்தனாவது வளைவு மாப்ள?" என்று கேட்டார். நாள்தோறும் நான் ஓட்டுகிற ரோடு. என் பதில்கள் தப்பாகிக்கொண்டே வந்தன என்றும், அதைக் கேட்கக் கேட்க வண்டியை விரட்டினார் என்றும் பிறகு என் தங்கை சொன்னாள். எனக்கு நினைவிருப்பது மடியில் வாந்தி எடுத்தது மட்டும்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களில் குடோன்காரர் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார். "ஏனுங்க, பையன் ஏதோ வேகத்துல பண்ணிப்போட்டான். மனசுல வெச்சுக்காம மறுபடி சேத்துக்கோங்க."

"ஒரு வருசம் போகட்டுங்க. அதுக்கப்பறம் அவனுக்கு மனசிருந்தா வரட்டும்."

"குடோன் என்னுதுங்க."

"அது எனக்குத் தெரியுமுங்க."

அடுத்த ஞாயிறு குடோன் பூட்டிக் கிடந்தது. எங்களில் ஒருவரின் அப்பாவுக்கு மாரமங்கலம் பக்கம் கொஞ்சம் காடு இருந்தது. அங்கே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் தரையைச் செதுக்கி, நாலு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம்.

என் தலையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மச்சான் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்ன நாளுக்கு மேலும் மாதக்கணக்கில் என்னை வெறும் மூட்டையைத்தான் குத்தவிட்டார். கடைசியில் ஒருநாள் உள்ளே இறங்கியபோது எனக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. ஸ்டாப் என்று கேட்டதும் என் கை இறங்கவில்லை. முகத்துக்கு முன்னால் அப்படியே இறுகி நின்றது. இறக்கு, இறக்கு என்று நானே சொல்லிப் பார்த்தேன். இடது காதில் பாதிச் சத்தம்தான் திரும்பியிருந்தது. எனக்கு மச்சான்மேல்தான் கோபம். அவர் பேச்சைக் கேட்டுத்தானே கையை இறக்கினேன்.

அதை ஒருநாள் சொல்லியும்விட்டேன். "உங்களை நம்பித்தான் மச்சான் நான் அடி வாங்கினேன்."

அவர் மறுக்கவில்லை. "ஆமா மாப்ள. சிரிப்புச் சத்தம் வந்தப்பவே நிறுத்தியிருக்கோணும். நான் நின்னதும் எட்டத்துல. ரெண்டும் என் தப்பு." பிறகு கிளவுஸை மாட்டிக்கொண்டு அவரே என் எதிரில் வந்து நின்றார். "இனி உனக்கு எதிராளி நாந்தான். ஸ்டாப்புன்னதும் நான் மொதல்ல இறக்கிடறேன். நீ என்ன பண்றயோ பண்ணு."

ஸ்டாப் என்று சொல்லிக் கையை இறக்கினார். நான் அடித்தேன். வேண்டுமென்று அடித்தேனா, பயத்தில் போனதா என்று எனக்குத் தெரியாது. பல் போன அதே இடத்தில் உதடு கிழிந்தது. துடைத்துவிட்டு, "மறுபடி" என்றார். அன்றைக்கு மூன்று தடவை வாங்கினார். என் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வாரம் தவறாமல் அவர் வந்து நின்றார். மெல்ல மெல்ல என் கை பாதி வழியில் நின்றது, பிறகு நெஞ்சுக்கு வந்தது, பிறகு தொடைக்கு வந்தது.

அடுத்த வருசம் மழை ஓய்ந்ததும் குடோன்காரர் மகன் மாரமங்கலத்துக்கு நடந்தே வந்தான். மச்சான் அவனைச் சேர்த்துக்கொண்டு, பல வாரம் நிறுத்த மட்டுமே பழக்கினார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"அவனோட எறங்கறயா? வேண்டாமுன்னா வேண்டாம். மறுபடி கேக்கமாட்டேன்."

"எறங்கறேனுங்க" என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஸ்டாப் சொன்ன பிறகு அவனுக்கு ஒன்று கொடுப்பது என்று.

அன்றைக்கு மச்சான் எட்ட நிற்கவில்லை. கை நீட்டினால் எங்களைத் தொடுகிற தூரத்திலேயே சுற்றி வந்தார். நான் அவனை அடித்த மாதிரி அதுவரை யாரையும் அடித்ததில்லை. விலாவில், வயிற்றில், மறுபடி விலாவில். அவனும் சும்மா இல்லை. ஒரு குத்தில் என் புருவம் பிளந்து ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் முதுகு கயிற்றில் பட்டது. அவன் வாயிலிருந்து ரப்பர் தெறித்து மண்ணில் விழுந்தது.

"ஸ்டாப்."

அவன் கை உடனே இறங்கியது. என் வலது கை தோளுக்குப் பின்னால் இருந்தது. அவன் முகம் திறந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டான். வரப்போவது தெரிந்து, அதை வாங்கிக்கொள்ள நின்றான்.

மச்சான் குறுக்கே வரவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

என் கை தொடைக்கு வந்தது. நல்ல மனசால் அல்ல. அத்தனை வாரம் அவர் வெறும் முகத்தின் முன்னால் பழகிய கை அது, என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டது. நான் மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அவன் கண்ணைத் திறந்து, குனிந்து ரப்பரைத் தேடினான்.

புருவத்தில் தையல் போட என்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்திருக்கும்போது, "காது கேக்குதா?" என்று கேட்டான்.

"வலது கேக்குது" என்றேன்.

தலையை ஆட்டினான். எழுந்து வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.