பெண்கள் பக்கத்துக் கேமரா

பிள்ளைகளா, நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற கறுப்புப் பையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால் தொடுவதில்லை. நாங்கள் இல்லாதபோது தொடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பைக்குள் இருக்கும் சாமான்கள் வந்த சமயம் உங்களுக்கு முழுப் பரீட்சை. காலையில் படகேறினால் சாயங்காலம்தான் திரும்புவீர்கள். அதனால் வீட்டில் நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அம்மா முதலில் போனில்தான் வீடியோ எடுத்தாள். நம் ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு பொன்னேரியில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்று வாங்கினோம். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை அவள் போனில் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஐஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்திருப்பாள். கை இறாலைத் தரம் பிரிக்கும், கண் போனில் இருக்கும். பெரிய இறாலும் சின்ன இறாலும் கலந்துபோன நாட்களில் வியாபாரி என்னிடம்தான் சத்தம் போடுவார்.

ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில் அவள் இறால் கொடுக்கும் வீடுகளில் ஒன்றில் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பரம்பரையாக வியாபாரம் பார்த்த முஸ்லிம் குடும்பம். அங்கே கல்யாணத்தில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண் கேமராக்காரர் போக முடியாது. அதனால் மூத்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கம் மூன்று மணி நேர வீடியோ இருந்தது, மணப்பெண் உட்கார்ந்திருந்த பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த வருத்தம் பெண்ணின் அம்மாவுக்குத் தீரவே இல்லை.

"மெட்ராஸ்ல பொண்ணு ஒண்ணு எடுக்குதுன்னாங்க தங்கச்சி. கேட்டா, லைட்டு புடிக்க ரெண்டு ஆம்பள கூட வருவாங்கன்னு சொல்லுது. அப்புறம் இன்னாத்துக்கு? நீ எடுப்பியா?" என்று நம் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். எடுத்த வீடியோவைப் பெண்களைத் தவிர வேறு யார் கண்ணும் பார்க்கக்கூடாது.

தராசைக் கீழே வைக்கும் முன்பே அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது படகில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"யா, நான் ஒத்துக்கினேன். இப்பத்தான் பயமா இருக்குது" என்றாள்.

"காதுகுத்து எடுக்கல? அதுமாரிதானமே."

"அது நம்ம ஜனம். ஆடிப்போனாலும் சிரிச்சுக்கினு பாப்பாங்க. இது அப்டி இல்ல. நல்லா வந்தா அந்தத் தெருவுல பத்து வூட்ல கூப்புடுவாங்க. நாசமாயிட்டா, இன்னொருதபா அந்தப் பொண்ணுக்கு கண்ணாலம் பண்ணி எடுக்க முடியுமா? இறால் குடுக்கக்கூட அந்தத் தெருவுக்குள்ள போவ மூஞ்சி இருக்காது."

நான் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சாமான்களை அவளே போனில் பார்த்து வரவழைத்தாள். பார்சல்காரர் ஏரியைத் தாண்டி வர மாட்டார். படகுத்துறையில் நின்று நான்தான் வாங்கினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்கள் கண் முன்னால் பிரித்தது என் தப்பு. முதலில் வெளியே வந்தது மைக். சட்டையில் குத்திக்கொள்ளும் இரண்டு சின்ன மைக், காற்றுச் சத்தம் உள்ளே போகாமல் இருக்க அவற்றுக்குச் சாம்பல் நிறத்தில் ரோமத் தொப்பி.

"இன்னா மாமா இது, எலிக்குட்டியா?" என்றான் பக்கத்து வீட்டு மச்சான்.

"ரெண்டு இருக்குது. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு" என்றார் இன்னொருவர்.

அடுத்து ஒரு சின்ன லைட் வந்தது. பிறகு லென்ஸ் முன்னால் திருகி மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி. கடைசியாக வந்தது கிம்பல். கைப்பிடி ஒன்றும் அதற்கு மேல் மூன்று மடக்குமாக இருக்கும் அது. கேமராவை அதில் மாட்டிக்கொண்டு நடந்தால் நடையின் குலுக்கல் வீடியோவில் தெரியாது. ஒவ்வொரு மடக்கிலும் ஒரு குட்டி மோட்டார். நாம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது மறுபக்கம் திருப்பிச் சரிசெய்யும்.

மோட்டாரை ஓட விடும் முன்னால் கேமராவைச் சமன் செய்து மாட்ட வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும், முன்னாலும் சாயக்கூடாது, பின்னாலும் சாயக்கூடாது. அம்மா ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடினாள். கேமராவின் தலைமேல் மைக் பெட்டியை மாட்டியதும் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். படகில் பின்னால் மோட்டாரும் ஐஸும் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் இல்லையா, வலையை எடுத்து முன்னால் போடுவோம். அதே கணக்கு. கேமராவை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, பக்கவாட்டில் அரை விரற்கடை நகர்த்தினேன். நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. எங்கள் கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்து பழக வேண்டும். யாரையாவது எடுத்தால்தானே பழக முடியும்? பெண்கள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அதனால் நான் மணப்பெண் ஆனேன். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நம் தெருவில் மாதா கோயில் வரைக்கும் மெதுவாக நடந்தேன். அம்மா எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தாள்.

"மெதுவா நட. பொண்ணு மாரி நட. படகு தள்ற மாரி நடக்காத."

"பொண்ணுக்கு முட்டி வலிக்குதுமே."

குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். "இன்னா அண்ணி, அண்ணனுக்கு மறுகண்ணாலமா? மாப்ள யாரு?" என்று கேட்டார்கள். "மாப்ள இன்னும் கெடைக்கல. இந்த மூஞ்சிக்கு யாரு வருவாங்க" என்றாள் அம்மா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெரியவள் தன் தோழிகளுக்குக் காட்டியதாகவும் கேள்வி.

வியாழக்கிழமை படகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஆடும் படகிலேயே நன்றாக வந்தால் மண்டபத்தில் பயமில்லை என்பது அவள் எண்ணம். உச்சிவெயிலில் போனோம். தண்ணீரைப் பார்த்தால் கண் கூசியது. கேமராவில் பார்த்தால் ஏரி வெறும் வெள்ளையாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் குறைத்தாள். ஏரி நிறத்துக்கு வந்தது, அலை தெரிந்தது, என் முகத்து வேர்வை கூடத் தெரிந்தது. தூரத்தில் செங்கால் நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதையெல்லாம் மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றாள். வலை இழுக்கும் என் கையை எடுத்தாள். பிறகு போட்டுக் காட்டினாள். படகு ஆடியது, வீடியோ ஆடவில்லை. என் கையைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது.

திரும்பும்போது எதிர்க்காற்று. தண்ணீர் தெறித்துக் கிம்பல்மேல் கொஞ்சம் பட்டது. அம்மா கேமராவை உடனே சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். கரைக்கு வந்ததும் அவள் கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், மற்ற சாமான்களை என்னிடம் கொடுத்தாள்.

இனி நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். உப்புத் தண்ணீர் பட்ட எதையும் நாம் அப்படியே வைப்பதில்லை. நங்கூரம், படகு மோட்டார், கத்தி, டார்ச் எல்லாவற்றையும் கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுவோம். கழுவாமல் விட்டால் நாலு நாளில் துரு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கை செய்கிற வேலை அது. கிம்பலைக் குடத்தடிக்குக் கொண்டுபோய் இரண்டு சொம்பு ஊற்றினேன். மடக்குகளுக்குள் விரலை விட்டுத் தேய்த்தும் கழுவினேன். நல்ல வேலை செய்தோம் என்று வெயிலில் காய வைத்தேன்.

சாயங்காலம் அம்மா அதை ஓட விட்டாள். குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. பிறகு அணைந்துவிட்டது.

"இன்னாயா பண்ண இத?"

"உப்புத் தண்ணி பட்டுச்சேன்னு நல்ல தண்ணில கழுவுனேன்."

"இதையா?"

"இதுல மூணு மோட்டார் இருக்குதுன்னு நீதானமே சொன்ன. மோட்டார கழுவாம வுடுவாங்களா?"

அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். விற்ற கடைக்குப் போன் செய்தால், அனுப்பி வையுங்கள், பார்த்துத் திரும்ப அனுப்ப இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு நீங்கள் வந்து, ஏன் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று கேட்டீர்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். பொய்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வெறுங்கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நின்று எடுத்துப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். "பக்கத்துல ஆடல. மேலயும் கீழயும்தான் ஆடுது. மூச்சு வுட்டாலே தெரியுது" என்றாள். மூன்றுகால் ஸ்டாண்ட் வைக்கலாம் என்றேன். நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே அதை எங்கே வைப்பது, குழந்தைகள் இடறி விழும் என்றாள்.

அவள் சொன்னதை வைத்து யோசித்தேன். அலையில் படகு துள்ளும்போது நின்றபடி வேலை செய்ய வேண்டுமானால், நங்கூரக் கயிற்றைக் கையில் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்வோம். கீழே இருந்து ஒன்று இழுத்துக்கொண்டிருந்தால் உடம்பு துள்ளாது. கேமராவின் அடியில், ஸ்டாண்ட் மாட்டும் இடத்தில், ஒரு திருகு துளை உண்டு. ஆனால் இந்த முறை நான் எதையும் தொடவில்லை. முதலில் கேட்டேன்.

"அந்தத் தொளைல ஒரு போல்ட் திருகலாமா? கேமராவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"எதுக்கு?"

சொன்னேன். நம்பிக்கையில்லாமல்தான் கேமராவைக் கொடுத்தாள். பழவேற்காட்டு இரும்புக் கடையில் ஏழெட்டு போல்ட்டைத் திருகிப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்தேன். வலைக்கு மிதவை கட்டும் நைலான் கயிற்றை அதில் முடிந்து, மறுமுனையில் கால் நுழைகிற அளவு ஒரு வளையம் போட்டேன். வளையத்தில் பாதத்தை விட்டு மிதித்துக்கொண்டு, கேமராவை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். கயிறு விறைத்து நிற்கும்.

அம்மா மிதித்தாள், இழுத்தாள், எடுத்தாள். போட்டுப் பார்த்தாள். சுவரில் மாட்டிய காலண்டர் சுவரிலேயே இருந்தது.

"நடக்க முடியாதே" என்றேன்.

"நடக்க வேணாம். நின்னு நின்னு எடுத்துக்கறேன். கவுறு ரெண்டு விரக்கட கம்மி பண்ணு." சேலையைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். கயிறு கொசுவத்துக்குள் போய்விட்டது. "வெளிய தெரியாது" என்றாள். அந்த வாரத்தில் அவள் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெண்கள் பக்கம் மாடியில். மாடிப்படி முடிகிற இடத்தில் திரைச்சீலை. நான் திரைக்கு இந்தப் பக்கம், படியில், பேட்டரிப் பையோடு நின்றேன். திரையிலிருந்து மருதாணி போட்ட ஒரு கை வெளியே வரும், தீர்ந்த பேட்டரியைக் கொடுக்கும், நிறைந்ததை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். கை யாருடையது என்று கூடத் தெரியாது. ஒருமுறை அந்தக் கை போனபிறகு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எல்லாரும் கொஞ்சம் சன்னல் பக்கமா திரும்புங்கக்கா, வெளிச்சம் அங்கதான் இருக்குது. சின்னம்மா, நீங்க பொண்ணு பக்கத்துல வாங்க." கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. நாற்பது ஐம்பது பெண்கள் இடம் மாறி உட்காரும் சத்தம் கேட்டது. நம் வீட்டில் நான்கு பேரைச் சாப்பிட உட்கார வைக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆண்கள் பக்கம் எடுக்க வந்த கேமராக்காரர் ஒருவர் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கழுத்தில் இரண்டு கேமரா.

"மேல யாருண்ணா எடுக்கறது?"

"எங்க வூட்ல."

"தனியாவா? கிம்பல் வச்சிருக்காங்களா?"

"இல்ல. கவுறு."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. பிரியாணிக்குக் கூப்பிட்டார்கள். பேட்டரி கேட்டுக் கை வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் போகவில்லை. பிறகு மருதாணிக் கையே ஒரு தட்டை வெளியே நீட்டியது.

அடுத்த பத்து நாளும் உங்கள் பெரியம்மா வீட்டிலிருந்து வாங்கி வந்த லேப்டாப்பில் அம்மா அதை வெட்டிச் சேர்த்தாள். வேலைக்கு உட்கார்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். பெண் என்பதால் பெரியவள் மட்டும் உள்ளே போகலாம். கொடுத்துவிட்டு வந்த மறுநாள் பெண்ணின் அம்மா போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. "என் பொண்ணு அழுததகூட நீ எடுத்துருக்க தங்கச்சி. நான் அன்னிக்கு சமையக்கட்டுல இருந்துட்டேன், பாக்கவே இல்ல. இப்பத்தான் பாத்தேன்" என்றார். அந்த வாரத்துக்குள் அதே தெருவில் இரண்டு வீடுகள் தேதி சொல்லிவிட்டன.

போன் வந்த அன்று சாயங்காலம் அம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"யா, ஒரே ஒரு எடம் காட்டறேன். ஆளு யாரும் இல்ல. பொண்ணோட கையி மட்டும்தான், வளையல் போடறாங்க. உன் கவுறுல எடுத்தது. ஒரு பொட்டு ஆடல, பாரு."

பார்க்க எனக்கும் ஆசைதான். இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய்.

"வேணாம்மே. கையின்னாலும் அந்தப் பொண்ணு கையி. நீ வாக்கு குடுத்துக்கினு வந்திருக்க."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். "அப்ப சொல்றேன், கேட்டுக்க" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் காட்சியிலிருந்து ஒவ்வொன்றாக, எங்கே நின்றாள், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது, யாருடைய முகத்தையும் யாருடைய பெயரையும் சொல்லாமல், கயிறு எப்போது விறைத்தது என்பதுவரைக்கும் சொல்ல ஆரம்பித்தாள். நான் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டே முழுவதும் கேட்டேன்.